வேண்டாம் என்று அனுப்பப்பட்ட பந்துவீச்சாளர்



உங்கள் கணவர் ஒரு நாள் வழமைக்கு முன்னதாகவே வீட்டுக்கு வருகிறார். உடுப்பைக்கூட மாற்றாமல் கதிரையில் அமர்ந்து, "நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள்" என்கிறார். அந்த நேரத்தில் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை எதுவாக இருக்கும்?

பதிலை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். மனதுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் பிணக்குகளைக் கேட்டுக் கேட்டு நரைத்துப்போன ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்வேன். சம்பளம் நின்றுபோன மாதங்களைப் பிற்காலத்தில் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அன்று மாலை வீட்டில் சொல்லப்பட்ட வார்த்தையை எவரும் மறப்பதில்லை. "உங்களால் என்னதான் முடியும்?" என்ற ஒரே கேள்வியோடு பேச்சைக் குறைத்துக்கொண்ட கணவன்மாரை நான் கண்டிருக்கிறேன்.

இம்மாதம் நான் சொல்லப்போவது, ஒன்றரை வருடத்துக்குள் மூன்று இடங்களில் "வேண்டாம்" என்று அனுப்பப்பட்ட ஒரு மனிதரின் கதை. அவர் முஸ்லிம் அல்லர். அமெரிக்கர். பெயர் ஜேமி மோயர். தொழில், பேஸ்போல் விளையாட்டில் பந்து வீசுவது. "மௌலவிக்கு பேஸ்போலோடு என்ன வேலை?" என்று நீங்கள் சிரிப்பது விளங்குகிறது. எங்கள் பாடசாலையின் ஆங்கில ஆசிரியர் ஒருவர், 2013 இல் வெளிவந்த மோயரின் வாழ்க்கை வரலாற்றை வாசித்துவிட்டு, இடைவேளையில் தேநீர் ஆறிப்போகும் வரை எனக்குச் சொன்ன கதை இது. கேட்ட நாளிலிருந்து மனதை விட்டுப் போகவில்லை. விளையாட்டு என்றாலே வீண் என்று ஒதுக்கிவிட நமது மார்க்கமும் சொல்லவில்லை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும், ருகானாவோடு மல்யுத்தம் செய்ததையும் ஸீரா நூல்களில் படித்திருப்பீர்கள். தொழுகையை மறக்கச் செய்வதும், சூதாட்டம் கலப்பதும், அவ்ரத்தைத் திறப்பதும்தான் பிரச்சினை.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. நமது ஊர் மைதானங்களில் எல்லே விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலத்தான். தடியால் பந்தை அடித்துவிட்டு, சுற்றிவர உள்ள தளங்களைத் தொட்டுக்கொண்டு ஓடி வர வேண்டும். அடிப்பவருக்கு எதிரே, ஏறத்தாழ பதினெட்டரை மீற்றர் தூரத்தில், சிறு மண்மேட்டில் நின்று பந்தை எறிபவர்தான் பந்துவீச்சாளர். போட்டியின் வெற்றியும் தோல்வியும் அவருடைய பெயரில்தான் எழுதப்படும். இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி என்று ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் வாழ்நாள் கணக்கு ஒன்று உண்டு. இம்மையிலேயே கையில் கொடுக்கப்பட்டுவிடும் ஏட்டைப் போல.

அந்த நாட்டு விளையாட்டுக் கழகங்களின் நடைமுறையையும் சொல்ல வேண்டும். கழகங்கள் ஆட்டக்காரர்களைத் தமக்குள் பரிமாறிக்கொள்ளும். காலையில் ஒரு தொலைபேசி அழைப்பு வரும், மாலையில் ஆயிரம் மைல் தாண்டிப் போக வேண்டும். வாடகை வீடு, பிள்ளையின் பாடசாலை, மனைவியின் அயலவர் எல்லாம் அப்படியே கிடக்க, மனைவிதான் பின்னால் பெட்டி கட்டிக்கொண்டு வர வேண்டும். எட்வின் ஜக்சன் என்ற பந்துவீச்சாளர் 2019 ஆம் ஆண்டுடன் பதினான்கு கழகங்களுக்கு ஆடி முடித்திருந்தார். அந்த நாட்டின் உயர்மட்டப் போட்டிகளில் அது ஒரு சாதனை எண்ணிக்கை. 2011 இல் ஒரே நாளில் அவர் இரு தடவை கைமாற்றப்பட்டார். சிக்காகோவிலிருந்து டொரன்டோவுக்கு, அங்கிருந்து சென் லூயிஸுக்கு. இத்தகையோர் திறமையற்றவர்கள் அல்லர். எந்த ஊரிலும் வேர்விட விடப்படாதவர்கள், அவ்வளவுதான். கணவன்மார் சவூதியிலும் கட்டாரிலும் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறிக்கொண்டிருக்கும் வீடுகளில் இருப்பவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மோயர் 1962 நவம்பரில் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். சவுடர்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தார். பிலடெல்பியா கழகம் 1980 இல் உலகத் தொடரை வென்றபோது, பாடசாலைக்குப் போகாமல் நண்பர்களோடு ஒளித்துச் சென்று வெற்றி ஊர்வலத்தைப் பார்த்தவர். (பாடசாலைக்கு ஒளிப்பதை நான் பாராட்டவில்லை. பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்ட வேண்டாம்.) சிக்காகோ கப்ஸ் கழகம் 1984 இல் அவரைத் தெரிவு செய்தது. 1986 ஜூனில் முதல் போட்டி. எதிரே பந்து வீசியவர், அவர் சிறுவயதில் வியந்து பார்த்த ஸ்டீவ் கார்ல்டன். அந்தப் போட்டியில் மோயர் வென்றார். அதற்குப் பிறகு இறக்கம்தான்.

அவரிடம் வேகம் இல்லை. அவரது காலத்துப் பந்துவீச்சாளர்கள் மணிக்கு 145, 150 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தார்கள். இவருடைய வேகப் பந்து அந்த வேகத்துக்கு அருகில்கூட வரவில்லை. 1988 இன் இறுதியில் டெக்சாஸுக்குக் கைமாற்றப்பட்டார். 1990 இல் டெக்சாஸ் வேண்டாம் என்றது. 1991 இல் சென் லூயிஸ். அங்கே ஐந்து தோல்விகள், ஒரு வெற்றிகூட இல்லை. அங்கும் வேண்டாம் என்றார்கள். 1992 இல் தாய்க்கழகமான சிக்காகோவுக்கே திரும்பி வந்தார். பருவம் தொடங்குமுன், பயிற்சி முகாமிலேயே அனுப்பிவிட்டார்கள். "பயிற்றுவிப்பாளர் வேலை இருக்கிறது, எடுக்கிறாயா?" என்று கேட்டார்கள். விளையாட்டுக்காரனிடம் இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்பது அவருக்கு விளங்காமல் இல்லை.

வாழ்நாள் கணக்கு அன்று 34 வெற்றி, 54 தோல்வி. வயது 29. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும்.

இப்போது மனைவியின் தந்தையைப் பற்றி. அவர் சாதாரணமானவர் அல்லர். டிக்கர் ஃபெல்ப்ஸ் என்று அமெரிக்காவில் பெயர்போனவர். நோட்ர டாம் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணியை இருபது வருடங்கள் பயிற்றுவித்தவர். எந்த ஆட்டக்காரன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று கண்ணால் அளந்து பழகியவர். அவர் மருமகனுக்குச் சொன்ன ஆலோசனை, இதை விட்டுவிட்டு நிலையான ஒரு தொழிலைப் பார் என்பதுதான். அவரைக் குறை சொல்ல என் மனம் இடம் தரவில்லை. மகளும் பேரனும் நடுத்தெருவில் நிற்கக்கூடாது என்று எண்ணுவது ஒரு வாப்பாவின் கடமை. நானும் ஒரு மகளுக்கு வாப்பாதான், நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் மகள் கரன், தந்தைக்கு ஆமாம் போடவில்லை. நிறுத்த வேண்டாம் என்று கணவனுக்குச் சொன்னாள். மோயர் பயிற்றுவிப்பாளர் வேலையை மறுத்தார். சில வாரங்கள் வீட்டிலிருந்தார். பிறகு டிட்ரொயிட் கழகம் தனது கீழ்வகுப்பு அணி ஒன்றில், ஒஹாயோ மாநிலத்து டொலிடோ நகரில், இடம் கொடுத்தது. ஆறு வருடங்களுக்கு முன் உயர்மட்டத்தில் கார்ல்டனை வென்றவர், இருபது வயதுப் பையன்களோடு கீழ்வகுப்பில் அந்தப் பருவத்தின் எஞ்சிய காலம் முழுக்க ஆடினார்.

ஹிராக் குகையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் நடுக்கத்தோடு வீடு திரும்பிய இரவை நீங்கள் அறிவீர்கள். ஒரு பந்து வீச்சாளரை அல்லாஹ்வின் தூதரோடு ஒப்பிடுவதாக எவரும் எண்ணிவிடக் கூடாது, நஊது பில்லாஹ். நான் சொல்ல வருவது அன்னை கதீஜா (ரழி) அவர்களைப் பற்றி. அவர்கள் முதலில் காரணம் கேட்கவில்லை, குறுக்கு விசாரணை செய்யவில்லை. போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணிந்து, நடந்ததைக் கேட்ட பிறகு, கணவரின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லித் தைரியப்படுத்தினார்கள். அதற்குப் பின்தான் விடயம் தெரிந்தவரான வரகா இப்னு நௌபலிடம் அழைத்துச் சென்றார்கள். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள் சகோதரிகளே. போர்வை முதலில், ஆலோசனை அதற்குப் பிறகு. நமது வீடுகளில் பெரும்பாலும் ஆலோசனை முந்திக்கொள்கிறது. போர்வை வருவதே இல்லை.

மோயரும் ஒரு விடயம் தெரிந்தவரிடம் போனவர்தான். தோல்விகள் தொடர்ந்த அந்த நாட்களில் ஹார்வி டோர்ஃப்மன் என்ற விளையாட்டு உளவியல் ஆலோசகரை நாடினார். டோர்ஃப்மன் கற்றுக்கொடுத்தது ஏறத்தாழ இதுதான். போன பந்து போய்விட்டது, நடுவரின் தீர்ப்பு உன் கையில் இல்லை, கூட்டத்தின் கூச்சல் உன் கையில் இல்லை, அடுத்த பந்து ஒன்றுதான் உன் கையில் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கத்தில் பிறந்த நமக்கு இது புதிதல்ல. ஆனாலும் இதைக் கேட்க நமது பிள்ளைகளுக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

வேகம் வராது என்று தெளிவாகிவிட்டது. அப்படியானால் மெதுவை ஆயுதமாக்குவோம் என்று தீர்மானித்தார். பேஸ்போலில் ஒரு வகைப் பந்து உண்டு. கை சுழலும் வேகம், உடல் அசைவு, முகபாவம் எல்லாம் வேகப் பந்துக்கு உரியவை. பந்து மட்டும் மெதுவாக வரும். அடிப்பவர் முன்கூட்டியே தடியை வீசி ஏமாந்து போவார். தேன் என்று கரண்டியை நீட்டிப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் உம்மாமாருக்கு இந்தக் கலை நன்றாகத் தெரியும். மோயர் இதில் கை தேர்ந்தார். பந்தை அடிதளத்தின் விளிம்பில், அங்குலக் கணக்கில் வைத்தார். நமது முத்தையா முரளிதரனும் வேகத்தால் 800 விக்கட்டுகளை எடுத்தவர் அல்லரே. (மைதானத்தில் எதிரணியை ஏமாற்றுவது விதிக்கு உட்பட்டது. கடையில் தராசின் முன்னால் அல்ல.)

1993 இல் பல்டிமோர் கழகம் அவரை எடுத்தது. கீழ்வகுப்பில் தொடங்கி, சில வாரங்களில் மேலே அழைக்கப்பட்டார். 12 வெற்றி, 9 தோல்வி. 1996 இல் பொஸ்டனுக்குப் போனார். அதே வருட நடுவில் சியாட்டிலுக்குக் கைமாற்றப்பட்டார். இரண்டு கழகங்களிலுமாக 13 வெற்றி, மூன்றே தோல்வி. சியாட்டிலில்தான் அந்தக் குடும்பம் மூச்சு விட்டது. பத்து வருடங்கள் அங்கே இருந்தார். 2001 இல் 20 வெற்றிகள். 2003 இல், நாற்பது வயதைக் கடந்த பின், 21 வெற்றிகள். தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் மட்டும் ஆடும் நட்சத்திரப் போட்டிக்கு அந்த வருடம்தான் முதன்முதலாகத் தெரிவானார். நாற்பதைக் கடந்தபின் மட்டும் 105 போட்டிகளை வென்றிருக்கிறார். 29 வயது வரை வென்றவை 34 என்பதை மேலே பார்த்தோம்.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். டொலிடோவில் மோயரோடு ஆடிய பையன்களில் பலர் மேலே வரவேயில்லை. விடாமுயற்சி செய்தவர் எல்லோரும் வென்றுவிடுவதாக நான் எழுதினால் அது பொய்ச் சாட்சியம். க.பொ.த. சாதாரண தரத்தில் இரண்டாம் முறையும் கணிதத்தில் தவறிய மகனைப் பற்றிக் கேட்க வந்த ஒரு தாய், "எத்தனை முறை பார்ப்பது மௌலவி, எப்போது போதும் என்பது?" என்றார். நேர்மையான கேள்வி. அந்தத் தாயிடம் நான் திருப்பிக் கேட்டது இதுதான். மூன்றாம் முறையும் மகன் அதே விதமாகத்தான் படிக்கப் போகிறானா, அல்லது எதையாவது மாற்றியிருக்கிறானா? மோயர் பழைய பந்தையே இன்னும் பலமாக எறிந்துகொண்டிருந்தால் மாமனார் சொன்னது சரியாகியிருக்கும். அவர் பந்தையே மாற்றினார். மாற்றாமல் காத்திருப்பதற்கு நாம் ஸப்ர் என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். ஸப்ருக்கு அது செய்யும் அநியாயம்.

டெக்சாஸுக்கு 1988 இல் மோயரோடு சேர்த்து அனுப்பப்பட்ட இன்னொருவரும் இருந்தார். ரஃபேல் பல்மெய்ரோ. இளமையிலேயே பெரிய துடுப்பாட்டக்காரர். அந்தக் கைமாற்றில் எல்லோரும் பேசியது அவரைப் பற்றித்தான். பின்னாளில் 500 க்கு மேற்பட்ட ஹோம் ரன்களும் 3000 க்கு மேற்பட்ட அடிகளும் எடுத்துப் புகழின் உச்சிக்குப் போனார். 2005 மார்ச்சில் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் விரலை நீட்டி, தான் ஒருபோதும் ஊக்கமருந்து பாவித்ததில்லை என்று சொன்னார். அதே வருடம் ஓகஸ்ட்டில், பரிசோதனையில் ஊக்கமருந்து கண்டுபிடிக்கப்பட்டு இடைநிறுத்தப்பட்டார். தெரிந்து பாவிக்கவில்லை என்றே அவர் சொல்லி வந்தார். உள்ளத்தை அல்லாஹ் அறிவான். ஒரே நாளில் ஒரே பத்திரத்தில் பெயர் எழுதப்பட்ட இருவர், 2005 இல் எங்கெங்கே நின்றார்கள் என்பதை மட்டும் பார்க்கிறேன். அன்று பேசப்படாதவர் அந்த வருடம் 13 போட்டிகளை வென்றிருந்தார்.

கரனும் மோயரும் 2000 இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். ஏரின் என்ற சிறுமியோடு கரன் பழகியிருந்தார். ஈரல் புற்றுநோயால் அச்சிறுமி பதின்ம வயதிலேயே இறந்துபோனாள். அவளது பெயரால், தாயையோ தந்தையையோ சகோதரரையோ இழந்த பிள்ளைகளுக்காக வார இறுதி முகாம்களை 2002 இலிருந்து நடத்தலானார்கள். கட்டணம் கிடையாது. ஆறு வயது முதல் பதினேழு வயது வரையான பிள்ளைகள் வருவார்கள். விளையாடுவார்கள், இழந்தவரைப் பற்றிப் பேசுவார்கள், அழுவார்கள். அநாதையின் தலையைத் தடவச் சொன்ன உம்மத்து நாம். நமது ஊர்களில் அநாதை இல்லங்களுக்குச் சோறும் உடுப்பும் கொடுக்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மௌத்தான வாப்பாவைப் பற்றி அந்தப் பிள்ளையை உட்காரவைத்துப் பேசவிடுபவர் யார்? கத்தம் முடிந்து சட்டி பானை கழுவியதோடு நமது கடமை முடிந்துவிடுகிறது.

இந்தச் சேவைகளுக்காக 2003 இல் ரொபேர்ட்டோ கிளமென்டே விருது மோயருக்குக் கிடைத்தது. கிளமென்டே யார் என்றால், 1972 டிசம்பர் 31 ஆம் திகதி, நிகரகுவா நாட்டுப் பூமியதிர்ச்சியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருட்களோடு விமானத்தில் புறப்பட்டு, அது கடலில் விழுந்து உயிர்விட்ட ஆட்டக்காரர். மோயர் தம்பதியருக்கு எட்டுப் பிள்ளைகள். அதில் இரண்டு பெண் பிள்ளைகள் குவாத்தமாலா நாட்டிலிருந்து தத்தெடுக்கப்பட்டவர்கள். வளர்ப்புப் பிள்ளைக்கு நமது பரம்பரைப் பெயரைச் சூட்ட ஷரீஆவில் அனுமதியில்லை. வீட்டில் வைத்து வளர்க்க எந்தத் தடையும் இல்லை. நன்மையில் அது பெரியது.

2006 இல் மீண்டும் ஒரு கைமாற்று. இம்முறை பிலடெல்பியாவுக்கு, சிறுவனாக ஒளித்துப் போய் ஊர்வலம் பார்த்த அதே கழகத்துக்கு. 2008 இல் அக்கழகம் உலகத் தொடர் இறுதிக்கு வந்தது. மூன்றாவது போட்டி மழையால் தாமதித்து இரவு பத்து மணிக்குப் பிறகே தொடங்கியது. 45 வயதான மோயர் வயிற்றுக் கோளாறோடு மண்மேட்டில் ஏறினார். அந்தப் போட்டியிலும் தொடரிலும் பிலடெல்பியா வென்றது. வெற்றிக்குப் பின், பந்து வீசுபவர் கால் ஊன்றும் ரப்பர் பலகையை மண்ணிலிருந்து கிளப்பி வீட்டுக்குக் கொண்டுபோனார். 28 வருடங்களுக்கு முன் தெருவோரத்தில் நின்று பார்த்தவர், இம்முறை ஊர்வல வாகனத்தில் இருந்தார்.

அதோடு நிறுத்தியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 2010 இல் முழங்கையில் காயம். சத்திரசிகிச்சை செய்து 2011 முழுவதும் வீட்டில் இருந்தார். 48 வயதில் அந்தச் சிகிச்சைக்குப் பின் மீண்டும் ஆட வருவதைப் பலர் கிறுக்குத்தனம் என்றார்கள். 2012 இல் கொலராடோ கழகம் அவரை எட்டாவது கழகமாகச் சேர்த்துக்கொண்டது. அந்த அணியில் பந்து பிடிப்பவர்களுள் ஒருவர், மோயர் முதல் போட்டி ஆடி இரண்டரை வருடங்களுக்குப் பிறகே பிறந்தவர். ஏப்ரல் 17 ஆம் திகதி சான் டியேகோ அணியை வென்றபோது மோயருக்கு 49 வருடமும் 151 நாட்களும். உயர்மட்டப் போட்டியில் வென்ற மிக வயதான பந்துவீச்சாளர் என்று பதிவானது. அன்று அவரது எந்தப் பந்தும் 130 கிலோமீற்றரைத் தொடவில்லை. மே மாதம் இன்னொரு வெற்றி. அம்மாத இறுதியில் கொலராடோவும் வேண்டாம் என்றது.

பல்டிமோரின் கீழ்வகுப்பு அணிக்குப் போனார். பிறகு டொரன்டோவின் கீழ்வகுப்பு அணிக்கு. சில வாரங்கள். அத்தோடு முடிந்தது. ஏட்டில் 269 வெற்றிகள், 209 தோல்விகள். அவருடைய பந்தை மற்றவர்கள் ஹோம் ரன்னாக அடித்தது 522 தடவைகள். வேறு எந்தப் பந்துவீச்சாளருக்கும் அத்தனை தடவை அடிக்கப்படவில்லை. அந்தக் கணக்கையும் அவர் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்கள்.

1992 இல் அவர் வேலையின்றி வீட்டில் இருந்தபோது தவழும் வயதிலிருந்த மூத்த மகனை, 2010 இல் மினசோட்டா கழகம் தனது ஆட்டக்காரர் தெரிவில் பெயரிட்டது. பாடசாலைக் கல்வியை அப்போதுதான் முடித்திருந்த பையன். அந்த வருடம் அவனது தந்தை பிலடெல்பியாவில் ஒன்பது போட்டிகளை வென்றுகொண்டிருந்தார்.